ஸ்கூட்டருக்கு அடியில் ஒரு மன்னிப்பு

பூனையிடம் மன்னிப்புக் கேட்ட மனிதர்கள் புதுச்சேரியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவனை மட்டும் தெரியும். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று அவனுக்குத்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

மன்னிப்பு என்றால், தெரியாமல் வாலை மிதித்துவிட்டு "அடப் பாவமே" என்று சொல்லிக்கொண்டு போகிற ரகம் இல்லை. முறைப்படி கேட்டேன். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பின்னால், வெயில் எட்டிப் பார்க்காத ஒரு சந்து இருக்கிறது. என் ஸ்கூட்டர் நிற்பது அங்கேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஸ்கூட்டருக்கு அடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூனை படுத்திருந்தது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து கடத்திக்கொண்டு வந்த வறுத்த சங்கரா மீனை ஒரு மூடியில் வைத்து உள்ளே தள்ளினேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைகூப்பிப் பேச ஆரம்பித்தேன். அதுவும் மேடைத் தமிழில். "உன் சம்மதத்தைக் கேளாமல் உன் வாழ்வில் குறுக்கிட்டுவிட்டேன்" என்று தொடங்கி, "வீரம் என்பது உடம்பின் ஏதோ ஒரு பாகத்தில் இருப்பதில்லை" என்ற இடம்வரை போய்விட்டேன்.

பூனை திரும்பவில்லை. ஒரு முன்னங்காலை மட்டும் பின்னால் நீட்டி மீனை இருட்டுக்குள் இழுத்துக்கொண்டது. கோபம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்திருக்கப் பார்த்தால் முட்டி பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டரைப் பிடித்து எழுந்தேன், ஸ்கூட்டர் என்னோடு வந்தது. பூனை சந்தின் அந்தப் பக்கமாக ஓடியது. நான் இந்தப் பக்கமாக உட்கார்ந்தேன்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னால் என் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் தெரியலாம்.

அந்தப் பூனை எங்கள் வீட்டுப் பூனை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். பூனை அப்படி எங்கும் சொன்னதாகத் தெரியவில்லை. செம்பட்டை நிறம், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு முகம், இடது காது பாதி கிழிந்தது. நல்ல கடுவன். காலையில் எங்கள் வீட்டில் பால் குடிக்கும். வீராம்பட்டினத்திலிருந்து தெருவுக்கு மீன் கொண்டு வரும் அம்மா கூடையை இறக்கியதும், சுங்க அதிகாரி மாதிரி போய் உட்கார்ந்து ஒரு காரப்பொடி மீனை வசூல் செய்யும். பிறகு ஊர் சுற்றப் போய்விடும். சில சமயம் நாலைந்து நாள் வராது. வரும்போது மூக்கில் புதுக் கீறல், கண்ணுக்கு மேல் புது வீக்கம். தெருவில் செம்பட்டைக் குட்டிகள் பிறந்த வண்ணம் இருந்தன. நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன் என்று சொன்னால் தப்பாக நினைக்கக்கூடாது. வாழ்நாளில் ஒரு சண்டைக்கும் போகாதவன், ஊருக்குள் யாரோ ஒருவராவது நம் சார்பில் போகிறாரே என்று நினைப்பதில்லையா? அதுதான்.

இதில் பெருமைப்பட முடியாத விஷயம் ஒன்று இருந்தது. போகிற இடமெல்லாம் அது எல்லை போடும். சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, வாலைக் கொடிக்கம்பமாக நிமிர்த்தி, வால் நுனி நடுங்க, பின்பக்கமாகப் பீய்ச்சும். அந்த வாடையை எழுத்தில் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தால் இந்தப் பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள்.

அடுத்த வீட்டில் இருப்பவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, அந்த நாட்டுக் குடியுரிமையோடும் பென்ஷனோடும் ஊர் திரும்பியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். எழுபதைத் தாண்டியவர். இன்னமும் முதுகு வளையாது. நான் அவரை முசியே என்றும், அவர் மனைவியை மதாம் என்றும் கூப்பிடுவேன். வருஷத்தில் இரண்டு நாள் அவருக்குத் திருநாள். ஒன்று ஜூலை பதினாலு, இன்னொன்று நவம்பர் பதினொன்று. அன்றைக்குக் கருநீலக் கோட்டில் மெடல்களை வரிசையாகக் குத்திக்கொண்டு, தொப்பியைச் சாய்த்து வைத்து, கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் பழைய தோழர்களோடு நிற்பார். அதற்கு முந்தின நாள் கோட்டை மொட்டை மாடியில் வெயில் காட்டுவது மதாமின் வேலை. எங்கள் மாடியும் அவர்கள் மாடியும் ஒட்டினவை. நடுவில் இடுப்பு உயரச் சுவர். பூனைக்கு அது சுவரே இல்லை, நடைபாதை.

அந்த ஜூலையில் பூனை கோட்டின் மேலும் எல்லை போட்டுவிட்டது.

மாடியில் காற்று அடித்ததால் யாருக்கும் தெரியவில்லை. மதாமுக்கு ஏதோ சந்தேகம் வந்து ஓடிகோலன் தெளித்திருக்கிறார். அது வினையாகிவிட்டது. கடற்கரையில் வெயில் ஏற ஏற, இரண்டும் கலந்து ஒரு மூன்றாவது வாடையாகக் கிளம்பியிருக்கிறது. கை குலுக்க வந்தவர்கள் நீட்டிய வேகத்திலேயே கையை இழுத்துக்கொண்டார்களாம். பக்கத்து நாற்காலி காலியாகி, அதற்கு அடுத்ததும் காலியாகியிருக்கிறது. முசியே நிகழ்ச்சி முடிகிறவரை முதுகு வளையாமல் நின்றுவிட்டுத்தான் வந்தார்.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"தம்பி, சண்டைக்கு வரல. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன். ஓன்ஸ் நொவாம்பர் வருது. நவம்பர் பதினொண்ணு. அதுக்குள்ள இந்தப் பூனை இந்த வேலைய நிறுத்தணும். நிறுத்தலன்னா நானே சாக்குல புடிச்சி வீராம்பட்டணத்துல கொண்டு போய் விட்டுட்டு வருவேன். சே ஃபினி. அவ்ளோதான்."

வாசலில் மீன்கார அம்மா செதில் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கினார்.

"எங்க ஊருக்கா? நல்லா இருக்குது சொல்தாரே! அங்க இருக்குற பூனைங்களுக்கே படகுக்கு ரெண்டுன்னு பங்கு பிரிச்சி வெச்சிருக்குதுங்க. இது போனா ஒரு நாள் தாங்காது, கடிச்சிப் போட்ரும்."

முசியே அவர் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது. அது எனக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. எந்தச் சிக்கலையும் மணி அடிப்பதற்குள் முடித்துப் பழகியவர். "ஆபரேஷன் பண்ணிடலாம். அது தெருவுலயே இருக்கும், இந்த வேலையும் நின்னுடும்" என்றார்.

நான் வாதாடினேன். ஓர் உயிரின் இயல்பில் கை வைக்க நாம் யார் என்று கேட்டேன். சரித்திரத்தில் அந்தப்புரக் காவலர்களின் நிலைமையை எடுத்துச் சொன்னேன். காளைக்கும் எருதுக்கும் உள்ள வித்தியாசத்தில் நான் இருந்தபோது அவர் குறுக்கிட்டார்.

"ஏங்க, பூனைக்குத்தான பண்றாங்க? நீங்க எதுக்கு வேட்டிய இழுத்து மூடிக்கிறீங்க?"

வாதம் அத்தோடு முடிந்தது.

மருத்துவமனை தவளக்குப்பம் சந்திப்பைத் தாண்டி, கடலூர் சாலையில். இரண்டு பிளாஸ்டிக் காய்கறிக் கூடைகளை வாயோடு வாய் வைத்துக் கயிறு கட்டி, உள்ளே பூனையை வைத்து, ஸ்கூட்டரின் முன்பக்கம் நிறுத்திக்கொண்டேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அது ஊரைக் கூட்டியது. பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "பூனைதாங்க" என்று நான் சொல்லச் சொல்ல, வேறு ஏதோ என்று அவர்கள் உறுதி செய்துகொண்டார்கள்.

மருத்துவர் இளம்பெண். வேகமாகப் பேசுபவர்.

"வயசு என்ன சார்?"

"ஐம்பத்திமூணு."

"பூனைக்கு."

அதற்குப் பிறகு அவர் என்னென்னவோ சொன்னார். இனிமேல் பூனையின் பழக்கவழக்கம் எப்படி மாறும், சாப்பாடு எப்படிக் கொடுக்க வேண்டும், எதை எவ்வளவு நாள் எதிர்பார்க்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நான் தலையாட்டியிருக்கிறேன். காதில் ஒன்றும் ஏறவில்லை. கூடையின் ஓட்டை வழியாகப் பூனை என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணில் நம்பிக்கை இருந்ததாக எனக்குத் தோன்றியது. இப்போது யோசித்தால், அது பயமாக இருந்திருக்கலாம். பசியாகவும் இருந்திருக்கலாம். காலையில் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தள்ளாடி நடந்து, என் எழுதும் மேஜைக்கு அடியில் படுத்தது. மறுநாள் காலை மீன்கார அம்மா விஷயத்தைக் கேட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடா! இன்னா சார் அநியாயம், ஊர்ல ஒரு ஆம்பளையும் பண்ணிக்க மாட்றான், வாயில்லாப் பூனையப் புடிச்சிப் பண்ணிட்டீங்க!" என்று சொல்லி, பூனை பக்கமாக இரண்டு காரப்பொடியைப் போட்டார். சுங்கம் இரட்டிப்பானது.

அதற்குப் பிறகுதான் நான் பூனையை ஆராய ஆரம்பித்தேன். ஊர் சுற்றப் போகவில்லை. கூரை மேல் நின்று தெருவையே எழுப்பும் அந்தக் கத்தல் இல்லை. முனையில் இருக்கும் வேறொரு கடுவன் எங்கள் வாசலைத் தாண்டி நடந்துபோனது. முன்பெல்லாம் அது பெரிய போராக முடியும். நம்முடையது பார்த்தது, கொட்டாவி விட்டது, கண்ணை மூடிக்கொண்டது. ராஜ்யம் இழந்த மன்னர்கள் மர நிழலில் உட்கார்ந்திருப்பதாகப் படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. மத்தியானங்களில் ஆளே காணோம். தனியாக எங்கோ போய்த் துக்கம் அனுஷ்டிக்கிறது என்று முடிவு கட்டினேன்.

"அது தூங்குது" என்றார் மனைவி.

"மனசு விட்டுப்போச்சு அதுக்கு."

"நீங்க கூடத்தான் மத்தியானம் தூங்குறீங்க. நான் ஏதாவது சொல்றனா?"

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் நான் ஸ்கூட்டருக்கு முன்னால் குத்துக்காலிட்டது. மன்னிப்போடு விடவில்லை. அன்றிலிருந்து தினமும் ஒரு மீன் துண்டு சந்துக்குள் போயிற்று. மறுநாள் பார்த்தால் மூடி காலியாக இருக்கும். ஏற்றுக்கொண்டது, மெல்ல மெல்ல மன்னிக்கிறது என்று மனம் நெகிழ்வேன்.

ஆனால் மாடியில் வாடை நிற்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில், முசியே வீட்டுப் பக்கமாக, தினமும் புதிதாக ஈரம். ஆபரேஷன் பலிக்கவில்லை என்று எனக்குப் பயம் பிடித்தது. முசியே பார்த்துவிட்டால் சாக்கு வந்துவிடும். விடிந்ததும் வாளியும் ஃபினாயிலுமாக மாடிக்குப் போய், அடுத்த வீட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலக் கீழே வந்து செய்தித்தாள் படிப்பேன். என் சொந்த வீட்டுச் சுவரை நான் கழுவி என் மனைவி பார்த்ததில்லை. அதை அவர் சொல்லவும் செய்தார்.

ஒரு நாள் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னா தம்பி, எங்க செவுத்துக்கு அபிஷேகமா?"

முசியே மாடிப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பெரிய பீங்கான் கிண்ணம் நிறையக் காப்பி, மறு கையில் அதில் தோய்த்த நீளரொட்டி. எவ்வளவு நாளாகப் பார்க்கிறார் என்று தெரியவில்லை. நான் பிரஷ்ஷைக் கீழே போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப, ஆபரேஷன் பண்ணியும் நிக்கல."

"நிக்கல முசியே."

அவர் ரொட்டியை மென்றுகொண்டே சுவரைப் பார்த்தார். "போன தடவ எங்க ஆளுங்க ரெண்டு பேர் வரல தம்பி. ஒருத்தன் படுக்கைல. ஒருத்தன் பாரீஸ்ல புள்ள வீட்டோட போயிட்டான். வருஷத்துக்கு ரெண்டு நாள்தான் நாங்க பாத்துக்கறது. இருக்குற நாலு பேரும் என்ன விட்டுத் தள்ளிப் போயி நின்னானுங்க பாத்தியா, அது எனக்கு ஆகல" என்றார். சாக்கைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை போலிருந்தது.

அன்றைக்கே தவளக்குப்பம் போனேன். மருத்துவர் பூனையைக் கேட்டார். கொண்டுவரவில்லை, ஆலோசனைக்கு வந்திருக்கிறேன் என்றேன். பூனைக்கு மன அழுத்தம், அதோடு ஆபரேஷனும் தோற்றுவிட்டது என்று விளக்கினேன்.

"சார், அன்னைக்கே சொன்னேனே. ஹார்மோன் உடம்ப விட்டுப் போகவே சில வாரம் ஆகும். பெரிய பூனைன்னா பழக்கம் கொஞ்ச நாள் ஒட்டிட்டு இருக்கும். சிலதுக்கு முழுசா நிக்கவும் நிக்காது. ஆனா பெரும்பாலும் கொறஞ்சிடும். ஊர் சுத்தறது, சண்ட, கத்தறது எல்லாம் கொறையும். தூங்கும். பசி மட்டும் கொறையாது, கூடும். அதனால தீனிய அளவாப் போடுங்க, கூட வெளையாடுங்கன்னு சொன்னேன். எதுவும் பண்ணலியா?"

"மீன் குடுத்தேன்."

"எவ்ளோ?"

நான் மருந்துக் கம்பெனிக் காலண்டரைப் பார்த்தேன்.

"அது சோகமா இல்ல சார். ஓடி அலையறதுக்கு இருந்த காரணம் போயிடுச்சி, அதான் சும்மா இருக்கு. சும்மா இருக்கறதெல்லாம் சோகமா? வீட்ல வேற யாராவது சோர்வா இருக்காங்களா?"

"இல்லையே" என்றேன், கொஞ்சம் வேகமாகவே.

"சரி. செவுத்துல அடிக்கறது அதுதான்னு கண்ணால பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. வாடையை வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

"மொதல்ல பாருங்க. வெளில சாப்பாடு வெச்சா வேற கடுவன் வரும். ஃபினாயில் ஊத்தாதீங்க, அந்த நெடிக்கு மேல திரும்ப வந்து அடிக்கும். சோப்புத் தண்ணி போதும்."

திரும்பி வந்து முசியேவிடம் சொன்னதும் அவருடைய முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. இருபது வயதில் செய்த வேலை கையில் கிடைத்துவிட்டது. "கார்த்!" என்றார். காவல். மறுநாள் விடியும்போது, அவர் மாடியில், துணிக்கொடிக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டாகிவிட்டது. எனக்கும் ஒரு கிண்ணம் காப்பி. பேசக்கூடாது, இருமக்கூடாது, காலை ஆட்டக்கூடாது என்று உத்தரவு. நான் காலை ஆட்டினேன். முட்டியில் தட்டினார்.

முதலில் வந்தது எங்கள் பூனை. வந்த வழிதான் விசேஷம். எங்கள் மாடியிலிருந்து வரவில்லை. முசியே வீட்டு மாடிப்படி வழியாக, உள்ளேயிருந்து, கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தது. நேராக முசியேவின் மடியில் ஏறி, முன்னங்கால்களால் அவர் தொடையை மாவு பிசைகிற மாதிரி பிசைந்து, சுருண்டு படுத்து, சுகத்தில் குர்குர் என்று உறும ஆரம்பித்தது. அந்த உறுமலை நான் கேட்டதே இல்லை. நான் முசியேவைப் பார்த்தேன். அவர் கடல் இருக்கிற திசையைப் பார்த்தார்.

"மத்தியானத்துல வருது தம்பி. நாற்காலில படுத்துக்குது. நானா கூப்புடல" என்றார் காதுக்குள். உத்தரவை அவரே மீறினார்.

துக்கம் அனுஷ்டித்த இடம் தெரிந்துவிட்டது. நாடுகடத்துவேன் என்று நாள் குறித்த மனிதரின் பிரம்பு நாற்காலி. நான் வாங்கிக் கொடுத்த மீன் என்ன, பேசிய தமிழ் என்ன, கழுவிய சுவர் என்ன, எல்லாவற்றையும் தாண்டி அது அங்கே போயிருக்கிறது. காரணம் யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. அந்த மனிதருக்கு அசையாமல் உட்காரத் தெரியும்.

காப்பி ஆறுவதற்குள் குற்றவாளி வந்தது. சுவரின் மேலேயே நடந்து, அதே செம்பட்டை நிறத்தில், அதே அகல முகத்தோடு, அதே நடையில். ஒரு நொடி எனக்குத் தலை சுற்றியது. மடியில் ஒன்று, சுவரில் ஒன்று. உற்றுப் பார்த்தால் சுவரில் இருந்தது கொஞ்சம் இளசு, இரண்டு காதும் முழுசாக இருந்தன. சுவரிலிருந்து குதித்து, முதுகைத் திருப்பி, வாலை நிமிர்த்தி, நுனி நடுங்க, வேலையை முடித்தது. எங்கள் பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"வொலா!" என்று முசியே எழுந்தேவிட்டார். பூனைகள் இரண்டும் பறந்தன. "பாத்தியா? அது இல்ல! நம்ம ஆளு இல்ல!"

நம்ம ஆளு என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அந்த இளசு யாரென்று மீன்கார அம்மாதான் சொன்னார். "அதுவா, இதோட புள்ள சார். மார்க்கெட்டு பக்கம் பொறந்தது. கொஞ்ச நாளா உங்க சந்துல பூந்து பூந்து போவுதே, நீங்க மீன் போட்டு வளக்கறீங்கன்னு நெனச்சேன்." அப்பா விட்ட எல்லையை மகன் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு நான் தினமும் மீன் போட்டுச் சம்பளம் கொடுத்திருக்கிறேன்.

மகனுக்கும் ஆபரேஷன் செய்துவிடுவது என்று முசியே முடிவு செய்தார். அதே காய்கறிக் கூடைகள், அதே ஸ்கூட்டர். பின்னால் முசியே கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சிக்னலில் எட்டிப் பார்த்தவர்களுக்கு அவர் ஒரு சல்யூட் வைத்தார், ஒருவரும் இரண்டாவது முறை பார்க்கவில்லை. அவருக்குக் குற்ற உணர்ச்சி என்று ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. மருத்துவர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது, பாலத்தின் மேல், "தம்பி, நான் ரெத்ரெத்துல வந்தப்ப எல்லாரும் கேட்டாங்க, பொழுது எப்பிடிப் போவும்னு. பொழுது நல்லாதான் போச்சி. காலைல ஏந்திரிச்சி யாரையும் சுட வேணாம், நம்மளையும் யாரும் சுட மாட்டான். அதுல இன்னா கஷ்டம்?" என்றார். ஓய்வு பெறுவதைத்தான் அப்படிச் சொன்னார். பூனையைப் பற்றிச் சொன்னாரா, தன்னைப் பற்றிச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியபோது சுவர் காய்ந்தே இருந்தது, மழை நனைத்ததைத் தவிர. எங்கள் பூனையின் தீனியை மனைவி தன் கையில் எடுத்துக்கொண்டார். காகிதத்தைக் கசக்கி உருட்டிவிட்டால் அது குட்டி மாதிரி கூடமெல்லாம் துரத்துகிறது. அந்த வயதில், அந்தத் தொப்பையோடு, வெட்கமே இல்லாமல். மாறாதவையும் இருந்தன. மீன் கூடை இறங்கினால் சுங்கம் வசூலிக்கத் தவறுவதில்லை. முனை வீட்டு நாயைக் கண்டால் முதுகு மயிர் இன்றைக்கும் எழுகிறது. ஸ்கூட்டர் சீட்டில் நகத்தைத் தீட்டுகிறது. நான் எந்த வீரம் போய்விட்டதென்று அழுதேனோ, அதில் பெரும்பகுதி அதற்கு ஒரு தொல்லையாகத்தான் இருந்திருக்கும் போலிருக்கிறது. மூக்கில் கீறல் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தது அதன் ஆசையா, அதன் உடம்பு போட்ட உத்தரவா என்று அது வந்து சொல்லப்போவதில்லை. உத்தரவு நின்ற பிறகு அது செய்தது தூங்கியதும், விளையாடியதும், மடி தேடியதும்தான். இதில் துக்கம் எங்கே என்று தேடியவன் நான். என் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு போய் அதன் தலையில் வைத்திருந்தேன். பூனை அதைக் கீழே போட்டுவிட்டுப் போய்த் தூங்கியது. நல்ல காரியம் செய்தது.

நவம்பர் பதினொன்றுக்கு முன்னால் கோட்டு மறுபடி மாடிக்கு வந்தது. மதாம் இந்த முறை கொடியில் போடவில்லை, நாற்காலியின் முதுகில் மாட்டி, பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்தார். நானும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். மதாம் கீரைத் தண்டைப் போட எழுந்து போன நேரத்தில் எங்கள் பூனை வந்தது. நாற்காலியைச் சுற்றியது. கோட்டின் ஓரத்தை மோந்தது. அது முதுகைத் திருப்பும், வாலை நிமிர்த்தும், எல்லாம் முடிந்தது என்று காத்திருந்தேன். முதுகைத் திருப்பவில்லை. நாற்காலியில் ஏறியது, கோட்டை இழுத்துத் தன் மேல் சரித்துக்கொண்டது, படுத்துத் தூங்கிவிட்டது.

மறுநாள் காலை முசியே அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். முன்பக்கம் மெடல்கள். பின்பக்கம் முழுக்கச் செம்பட்டை மயிர். மதாம் பிரஷ்ஷோடு பின்னாலேயே ஓடி வந்தார். "வுடு, வுடு. வாடை இல்லல்ல? அது போதும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருந்தது. மயிரைப் பார்த்து ஒவ்வொருவரும் கேட்டார்களாம், ஒவ்வொருவருக்கும் முழுக் கதையையும் சொன்னாராம். தோழர்கள் நாலு பேரின் நாற்காலியும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அன்று மத்தியானம் நான் மாடியில் நின்று, சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த மதாமிடம் கொஞ்சம் பெருமையாகவே பேசிக்கொண்டிருந்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, என்ன இருந்தாலும் அதனிடம் நேரிலேயே மன்னிப்புக் கேட்டதில் என் மனசு லேசாகிவிட்டது என்றேன்.

மதாம் ஒரு துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"நானும் அன்னைக்கு மேலேந்து பாத்துட்டுதான் இருந்தேன் தம்பி. பாதில நிறுத்த வேணாம்னு சொல்லல. நம்ம பூனை அப்ப எங்க வீட்டு நாற்காலில தூங்குது. நீங்க கைகூப்பிப் பேசனது சின்னதுகிட்ட. அதுக்கு அன்னைக்கு ஆபரேஷனே ஆகல. ஆனப்புறம் யாரும் ஒரு வார்த்த போய்க் கேக்கவும் இல்ல." அடுத்த துண்டை எடுத்தார். "மீன மட்டும் முன்கூட்டியே சாப்ட்டுடுச்சி."